சுபாஜினியின் வரிசை

யோகராஜ் தன் மனைவியின் களைப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நகையைப் பார்த்தோ சம்பளத்தைப் பார்த்தோ ஒருவன் வயிறெரிந்தால் அதில் ஏதோ நியாயம் இருக்கிறது, களைப்பைப் பார்த்து யாராவது வயிறெரிவார்களா? யோகராஜ் எரிந்தான். சுபாஜினி வார்டு வேலை முடிந்து அம்பிட்டிய மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்து, செருப்பைக் கழற்றவும் பொறுமையில்லாமல் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடுவாள். அப்படிக் களைத்துப் போவதற்கு ஒருவர் உண்மையிலேயே டொக்டராக இருக்க வேண்டும். அவனுக்கு மேசையில் குந்தியிருந்து படித்துப் படித்து முதுகுதான் வலித்தது.

இருவரும் ஒரே வருடம் சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போனவர்கள். அவன் கலஹா கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ராஜரத்தினத்தின் ஒரே மகன். அவள் அம்பிட்டியவில் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவரின் மகள். இரண்டு பேரும் ஏ.எல். பரீட்சையில் நன்றாகச் செய்திருந்தும் கண்டி மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் குறைந்து போனார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நுவரெலியா மாவட்டத்தில் குடியிருந்தால் இதே புள்ளிக்கு மகனுக்குப் பேராதனை மருத்துவ பீடத்திலேயே இடம் கிடைத்திருக்கும் என்று ராஜரத்தினம் இன்றைக்கும் சீனி நிறுத்துக்கொண்டே வருகிறவர்களிடம் சொல்லுவார். தோட்டத்தில் பிறந்து, கடை வைத்து, பிள்ளையை விமானம் ஏற்றியவர் அவர். அந்த மனிதர் கொஞ்சம் பேசிவிட்டுப் போகட்டும்.

சீனாவில் யோகராஜ்தான் கெட்டிக்காரன். உடல் அறுத்துப் பார்க்கும் மண்டபத்தில் முதல் நாள் சுபாஜினி வெளியே ஓடி வந்து சுவரோரம் நின்று அழுதாள். அவளை அழைத்துப் போய், எலும்பு ஒவ்வொன்றையும் கையில் கொடுத்து, பெயர் சொல்லிக் கொடுத்தவன் அவன். பரீட்சைக்கு முன்னால் அவனுடைய அறையில் இலங்கைப் பிள்ளைகள் எல்லோரும் கூடுவார்கள். அவன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் சொல்ல, அவள் கீழே இருந்து குறிப்பெழுதுவாள். காதல் அப்படித்தான் வந்தது. உண்மையைச் சொன்னால், கீழே உட்கார்ந்து தன்னை நிமிர்ந்து பார்த்த அந்தப் பெண்ணைத்தான் அவன் காதலித்தான்.

கடைசி வருடத்தில் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்கு விரட்டியது. நோயாளியைத் தொட்டுப் படிக்க வேண்டிய வருடத்தை யோகராஜ் கலஹாவில் தண்ணீர்த் தாங்கி மேட்டில் சிக்னல் தேடி, கைப்பேசித் திரையைப் பார்த்துப் படித்து முடித்தான். சுபாஜினிக்கும் அதே கதிதான். எப்படியோ பட்டம் வந்தது. வந்த கையோடு கோயில் கமிட்டியார் கடைவீதிக்குக் குறுக்கே பேனர் கட்டினார்கள். அதில் கோட்டும் டையுமாக யோகராஜ், பெயருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் டொக்டர். மாலை, மேளம், பாராட்டு விழா எல்லாம் நடந்தன. வெளிநாட்டில் படித்து வருகிறவர் இங்கே இன்னொரு பரீட்சை எழுதிப் பாஸாகி, பயிற்சியும் முடித்தால்தான் ஒரு தலைவலிக்காவது மருந்து எழுத முடியும் என்பது மேளக்காரருக்குத் தெரியுமா? பட்டத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் ஊர் நினைத்தது. திருத்திச் சொல்ல யோகராஜும் வாய் திறக்கவில்லை.

கல்யாணம் முடிந்து இருவரும் அம்பிட்டியவில் அவளுடைய பெற்றோர் வீட்டின் மேல்மாடியில் குடியேறினார்கள். ஒரே மேசையில் எதிரும் புதிருமாக இருந்து படித்தார்கள். எழுத்துப் பரீட்சையில் இருவரும் சித்தியடைந்தார்கள். நோயாளியின் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்கும் பரீட்சையில் அவள் முதல் தடவையிலேயே பாஸ். அவன் பெயில். இரண்டாம் தடவையும் பெயில், மூன்றாம் தடவையும் பெயில். காரணம் அவனுக்கே தெரியும். நோயாளியிடம் இரண்டு வார்த்தை கேட்டுத் தொட்டுப் பார்க்கும் முன்னரே நோயின் பெயரைச் சொல்லிவிடுவான். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதி நேரத்தில் பரீட்சகர் பேனையை மூடி வைத்துவிடுவார்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. பாஸாகிவிட்டதாகவும், பயிற்சிக்குக் கூப்பிடும் பட்டியல் வரத் தாமதமாகிறது என்றும் சொன்னான். அந்தப் பட்டியல் தாமதமாவது நாடறிந்த விஷயம் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. சுபாவுக்கு முதல் பட்டியலிலேயே கிடைத்ததே என்று அப்பா கேட்டபோது, எனக்கு அடுத்த பட்டியல் என்று மென்று விழுங்கினான். பக்கத்தில் சுபாஜினி இருந்தாள். தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி அவளும் தலையாட்டினாள்.

பிறகு அவள் பயிற்சியை முடித்தாள். கண்டிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நிரந்தர டொக்டரானாள். மேற்படிப்புக்கும் புத்தகம் வாங்கி வைத்துவிட்டாள். இவன் கண்டி நகரத்தில் ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் நடத்தினான். அம்பிட்டியச் சந்திப் பழக்கடைக்காரர் இவனைக் கண்டால், "டொக்டர் மிஸ் வேலைக்குப் போயாச்சா?" என்று கேட்பார். மிஸ்! தன்னை ஒரு நாள், ஒரே ஒரு நாள், டொக்டர் சேர் என்று கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று இவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் வீட்டில் வைத்துவிட்டுப் போன ஸ்டெதஸ்கோப்பை ஒரு தடவை கழுத்தில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தான். பொருத்தமாகத்தான் இருந்தது. அதனால் வயிற்றெரிச்சல் இன்னும் கூடியது.

அவள் மேல் குற்றம் கண்டுபிடிக்கவும் முயன்று பார்த்தான். கர்வமாக ஒரு வார்த்தை பேசினால் சண்டை பிடிக்கலாம். அவளோ வார்டில் பார்த்த நோயாளிகளை ஒவ்வொருவராகச் சொல்லி, "நீங்களா இருந்தா இதுல என்ன கேப்பீங்க யோகன்?" என்று அவனுக்குப் பாடம் எடுத்தாள். அவனிடம் எலும்பின் பெயர் கற்றவள். அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பான்.

இந்த நிலைமையில்தான் கலஹாக் கோயில் கமிட்டியார் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்திய முகாம் நடத்த நினைத்தார்கள். ராஜரத்தினம்தான் முன்னுக்கு நின்றார். மகனும் மருமகளும் டொக்டர்கள், வேறு யாரைத் தேடுவது? சுபாஜினி ஒத்துக்கொண்டாள். தன்னோடு வேலை செய்யும், திகனவைச் சேர்ந்த டொக்டர் ஜஹானாவையும் குழந்தைகளைப் பார்க்க அழைத்தாள். பிறகு யோகராஜிடம் மெதுவாகச் சொன்னாள்.

"யோகன், நீங்க ப்ரெஷர் பாக்குற மேசையில இருங்க. அது யாரும் பாக்கலாம், பிரச்சின இல்ல. மருந்து விசயம் மட்டும் வேணாம்."

"தெரியும். எனக்குச் சொல்லணுமா?" என்றான் அவன்.

முகாம் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று. பஸ் கலஹாவை நெருங்கும்போதே மழைத் தூறல். யோகராஜ் மண்டபத்துக்குள் போனான். அப்பா இரண்டு மேசைகளை அடுத்தடுத்துப் போட்டு, சேலையைக் கயிற்றில் கட்டி மறைப்பும் வைத்திருந்தார். ஒரு மேசையில் டொக்டர் யோகராஜ் என்ற அட்டை. மற்றதில் டொக்டர் திருமதி யோகராஜ். சுபாஜினி தன்னுடைய பெயரே இல்லாத அட்டையைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை என்பதும் அவனுக்குப் பிடிக்கவில்லை. பெயரை விட்டுக் கொடுக்க, பெயர் இருக்கிறவர்களால்தான் முடியும்.

ப்ரெஷர் மேசை வாசலோரம் இருந்தது. அவன் அங்கே போகவில்லை. தன் பெயர் எழுதிய மேசைக்குப் போய் உட்கார்ந்தான்.

சுபாஜினி மறைப்பைத் தாண்டி வந்து குனிந்தாள். "யோகன், எழும்புங்க."

"ப்ரெஷர் மட்டும்தான் பாப்பேன். நீ ஒன் வேலையப் பாரு."

அவள் வாசலைப் பார்த்தாள். வெளியே சனம் கூடிவிட்டது. திரும்பிப் போய்விட்டாள்.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர்கள் நேராகச் சுபாஜினியின் பக்கம் போய் நின்றார்கள். வரிசை மண்டபத்தைத் தாண்டி, படி இறங்கி, வேலியோரம் வரைக்கும் போனது. அவனுடைய மேசைக்குக் கடைக்குப் பழக்கமான சில ஆண்கள் வந்தார்கள். "என்னா டொக்டர், சௌக்கியமா?" என்று அவனைத்தான் விசாரித்தார்கள். ப்ரெஷர் பார்த்தான், பரவாயில்லை என்றான், அவர்கள் போனார்கள். சேலைக்கு அந்தப் பக்கம் சுபாஜினியின் குரல் ஓயாமல் கேட்டது. எப்ப இருந்து வலிக்குது, இரவில கூடுதா, வேல செய்யிறப்ப என்னா மாதிரி இருக்கு. ஒவ்வொருவரோடும் எவ்வளவு நேரம்! இப்படிப் பார்த்தால் பொழுது சாய்ந்தாலும் முடியாது என்று மனதுக்குள் பொரிந்தான். ஆனாலும் வரிசையில் நின்ற ஒருவராவது அலுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வரவில்லை.

அப்போது சுப்பம்மா வந்தாள். ராஜரத்தினத்தின் அக்கா, யோகராஜுக்கு அத்தை. தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவள், இன்னும் தோட்டத்து லயத்து வீட்டிலேயே இருப்பவள். வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"நான் எதுக்கு அங்க நிக்கணும்? எங்க மருமகன் இருக்கானே!"

யோகராஜுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. எழுந்து கதிரையை இழுத்துப் போட்டான். அத்தை தொப்பென்று உட்கார்ந்து முந்தானையால் முகம் துடைத்தாள்.

"ஒடம்புல தெம்பே இல்லய்யா. நாலு எட்டு வச்சா அசதியா வருது."

அவளுடைய கண் இமையை இழுத்துப் பார்த்தான். வெளுப்பாக இருந்தது. "ரத்தம் கொறைவு அத்தை," என்றான் உடனே. "கீர, நெத்திலி எல்லாம் நல்லாச் சாப்புடுங்க. நான் ஒரு விட்டமின் எழுதித் தாறேன்."

எழுதியும் கொடுத்தான். உண்மையில் வருடக்கணக்காக அவனுக்கு அவ்வளவு சந்தோஷமான நிமிஷம் வாய்க்கவில்லை. அத்தை துண்டை மார்போடு வைத்துக்கொண்டு எழுந்து போனாள். வாசலை எட்டுவதற்குள் நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பேச முடியாமல், பக்கத்திலிருந்த பெண்ணிடம் கையால் தண்ணீர் கேட்டாள்.

சுபாஜினி அதைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த வேலையை விட்டு எழுந்து வந்து அத்தையை வாங்குப் பலகையில் இருத்தினாள். கழுத்தையும் கால்களையும் பார்த்தாள்.

"அத்தை, நம்மகிட்டயும் ஒருக்கா வந்துட்டுப் போங்க."

"நான் பாத்துட்டேன் சுபா," என்றான் யோகராஜ் தன் மேசையிலிருந்தே. குரல் தேவைக்கு அதிகமாக உயர்ந்துவிட்டது.

ராஜரத்தினமும் அங்கே வந்து சேர்ந்தார். "அதான் மகன் பாத்துட்டானேம்மா. ஒரு ஆளுக்கு வீட்டுல உள்ள ரெண்டு டொக்டருமா பாக்கணும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுபாஜினி யோகராஜைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், அவனுடைய குட்டு உடைந்துவிடும். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பார்வையை எடுத்துவிட்டுச் சிரித்தபடி சொன்னாள்.

"இல்ல மாமா, நெஞ்சுக்கு ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்தா நல்லம். யோகனும் அதத்தான் சொல்லியிருப்பாரு. அத்தைக்கு வெளங்கியிருக்காது."

அவன் சொல்லாததை அவன் பெயரில் எழுதிவிட்டாள். பிழையைத் திருத்தினாள், மானத்தையும் காப்பாற்றினாள், அதையும் சிரித்துக்கொண்டே செய்தாள். நன்றி சொல்ல வேண்டிய இடம். யோகராஜுக்கோ ஆத்திரத்தில் காது அடைத்தது. பரீட்சை அவளுக்கு, வேலை அவளுக்கு, ஊரின் வரிசை அவளுக்கு. போகட்டும். அவனுடைய பொய்யைக்கூட அவனைவிட அழகாகச் சுமப்பவளும் அவள்தானா? அந்தப் பெருந்தன்மையையும் அவளுக்கே விட்டுவைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"நான் அப்படிச் சொல்லல்ல," என்றான். எழுந்து நின்றான். "ஈசிஜியும் சொல்லல்ல, ஒண்ணும் சொல்லல்ல. நான் யாரையும் பாக்கவே கூடாது. லிஸ்ட் வரல்லன்னு சொன்னது பொய்யிப்பா. நான் இன்னும் பாஸாகல்ல."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வகுப்பறையில் ஜஹானாவிடம் காட்ட வந்த குழந்தை ஒன்று அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ராஜரத்தினம் ஊருக்கு முன்னால் மகனைத் திட்டிப் பழக்கப்பட்டவர் அல்ல. கோபம் எங்கேயாவது போயாக வேண்டுமே, மருமகள் பக்கம் திரும்பியது.

"ஒனக்குத் தெரியும்தானே? இத்தன நாளும் தெரிஞ்சுதானே இருந்த? அவன் சொல்லல்லன்னா நீ சொல்லியிருக்கலாமே! படிச்ச புள்ள, நீயும் சேந்து எங்கள முட்டாளாக்கிட்டியே!"

சுபாஜினி தலை குனிந்தாள். "தெரியும் மாமா," என்றாள். காதோரம் சிவந்து போயிருந்தது.

யோகராஜுக்கு அது இனித்தது. அவளை ஒருவர் திட்டுகிறார், அவள் தலை குனிந்து நிற்கிறாள். எத்தனையோ நாளாகக் காத்திருந்தது கிடைத்தது மாதிரி ஒரு தித்திப்பு. அது அடங்கிய பிறகுதான் தன்னைப் பற்றி அவனுக்கே பயம் வந்தது. அவளுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் அவள் தன் மேசைக்குத் திரும்பி, "அடுத்த ஆள் வாங்க," என்று கூப்பிட்டுவிட்டாள். அப்பா குடையையும் எடுக்காமல் தூறலில் இறங்கிப் போனார்.

சுப்பம்மாவுக்கு இந்தப் பட்டியல், பாஸ், பெயில் எல்லாம் பாதிதான் விளங்கியது. மூச்சு கொஞ்சம் சீரானதும் மருமகனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"அப்ப நான் அங்கதான் காட்டணுமாய்யா?"

"ஆமா அத்தை. அங்கதான் காட்டணும்."

"உள்ளவே கூட்டிட்டுப் போயேன்."

சேலையை விலக்கிக்கொண்டு இவரை முதலில் பார் என்று சொல்ல அவனுக்கு எந்த முகம் இருக்கிறது? சுபாஜினி தானே எட்டிப் பார்த்து, இந்த அம்மாவைப் பார்த்து முடித்துவிட்டு அத்தையைப் பார்க்கிறேன், முன்னுக்குக் கொண்டுவந்து வையுங்கள் என்று பொதுவாக யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். வரிசையில் நின்ற பெண்கள் விலகி இடம் விட்டார்கள். அவன் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையின் தலைப்பில் நின்றான். எல்லோருடைய கண்ணும் தன் முதுகில் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. அவளுடைய வரிசை எவ்வளவு நீளம் என்று அந்த நேரத்திலும் அவன் திரும்பிப் பார்த்தான். குறையவே இல்லை.

முறை வந்ததும் அத்தையை உள்ளே கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினான். சுபாஜினி அத்தையின் கையைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கினாள். அவன் பக்கத்திலேயே நின்றான். முன்பெல்லாம் இருவரும் ஒரு புத்தகத்துக்கு மேல் தலை குனிந்து நின்ற மாதிரி நிற்கலாம் என்று ஒரு நப்பாசை.

அவள் நிமிரவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. வார்டில் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய குரலிலேயே சொன்னாள்.

"கூட வந்தவங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

யோகராஜ் சேலைக்கு இந்தப் பக்கம் வந்து, மற்றச் சொந்தக்காரர்களோடு நின்றான். உள்ளே அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். படுத்தா மூச்சு முட்டுதா? எத்தன தலகாணி வைக்கிறீங்க? கால் பொழுது சாய வீங்குதா? அத்தை ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றாள். அவன் கேட்காதவை எல்லாம் அவை. மூன்றாவது பதிலிலேயே இது இருதயத்தின் என்ன நோய் என்று அவனுக்கு விளங்கிவிட்டது, அவள் கேட்டு முடிக்கும் முன்பே விளங்கிவிட்டது. தொண்டை வரைக்கும் வந்த அந்தப் பெயரைக் கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை.